மேக்காத்தும் பழைய தேக்கு ஜன்னலும்

பழைய வீட்டைச் சரிபண்ணப் போகிறோம் என்று வாயைத் திறந்தால் போதும், கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் கை வைக்கச் சொல்வது ஜன்னலில்தான். "அதப் பிடுங்கிப் போட்டுட்டு யு.பி.வி.சி. மாட்டிருங்க, தூசி எட்டிப் பாக்காது." யு.பி.வி.சி. என்கிற அந்தப் பிளாஸ்டிக் சட்ட ஜன்னலில் தூசி வராது என்பது சரி. ஆனால் சுண்ணாம்புச் சுவரில் மூன்று தலைமுறையாக நிற்கிற தேக்கு நிலையைப் பெயர்த்தால், அதைச் சுற்றியுள்ள செங்கலும் சேர்ந்து பெயரும். அப்புறம் அந்தச் சுவரைச் சிமெண்டால் ஒட்டுப்போட வேண்டும். வெளியே போன தேக்கைப் பழைய மரக்கடைக்காரர் வந்த விலைக்கு எடுத்துக்கொள்வார். அதே தரத்தில் ஒரு கட்டை வாங்கப் போனால்தான் நாம் கொடுத்தது என்ன என்று தெரியும்.

எங்கள் வீடு ஆழ்வார்குறிச்சியில். 2019-ல் மாவட்டம் பிரிந்து தென்காசிக்குப் போய்விட்டோம்; பேச்சு மட்டும் இன்னும் திருநெல்வேலிச் சீமைதான். என் மாமனாரின் அப்பா கட்டிய வீடு. தாழையூத்தில் சிமெண்டு ஆலை வந்தது 1949-ல். அதற்கும் முந்தின வீடு என்பதால் செங்கல், சுண்ணாம்பு, மேலே கட்டைக்குத்து மட்டப்பா (மரக்கட்டைகள்மேல் செங்கலைக் குத்திட்டு அடுக்கின தட்டைக் கூரை), அவ்வளவுதான். தார்சா என்கிற முன்கட்டிலும் பட்டாசல் என்கிற கூடத்திலும் தேக்கு நிலை, அயினிப் பலகைக் கதவு. ஒரு ஜன்னலுக்கு நாலு கதவு: மேலே ரெண்டு, கீழே ரெண்டு. எல்லாம் உள்பக்கம் திறப்பவை, கம்பி வெளிப்பக்கம். கீழ்க் கதவைச் சாத்தி மேல் கதவைத் திறந்துவைத்தால் தெருவில் போகிறவர் கண்ணும் படாது, அறையில் மேலே ஏறி நிற்கிற வெக்கையும் வெளியே போய்விடும். கட்டினவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

பிரச்சினை ஆனியில் தொடங்கும். கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்குகிற மேக்காத்து குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கும். எங்களுக்குப் புழுதியைக் கொடுக்கும். கயத்தாறு பக்கம் காற்றாலைகளை நட்டுவைத்திருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். ஆடி முடிகிறவரை மேற்கு ஜன்னல் கதவுகள் ராத்திரி முழுக்கக் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். காலையில் பார்த்தால் கட்டிலில், தலையணையில், குடிதண்ணீர்ச் செம்பின் மூடியில் செம்மண் படிந்திருக்கும். அத்தைக்கு வீசிங் உண்டு. டாக்டர் ஏ.சி. போடுங்கள் என்றார். போட்டோம். ஓட்டை விழுந்த பானையில் தண்ணீர் ஊற்றின கதைதான். விடியவிடிய ஓடியும் அறை குளிரவில்லை, கரண்டு பில் மட்டும் ஏறியது.

கதவுக்கும் நிலைக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் நமக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலடி உயரம், மூன்றடி அகல ஜன்னலுக்குச் சுற்றளவு 14 அடி. நடுவில் கதவுகள் சேருகிற கோடு நாலடி. ஆக 18 அடி நீளத்துக்கு 2 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 110 சதுர சென்டிமீட்டர். சுவரில் நாலங்குலத்துக்கு நாலங்குலம் சதுரமாக ஒரு ஓட்டை போட்டுவிட்டு ஏ.சி. ஓட்டுவதும் இதுவும் ஒன்று. எங்கள் ஜன்னலில் சில இடத்தில் 2 மில்லிமீட்டர் இல்லை, சுண்டுவிரல் நுழைந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பலகை என்ற அளவில் அந்தக் கதவுகள் வெக்கையை நன்றாகவே தடுக்கின்றன. சாதாரண ஒற்றைக் கண்ணாடி, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்கு 5.5 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஒரு அங்குல மரப்பலகை 3 வாட்டைச் சுற்றித்தான். மேற்கு வெயில் நேராக விழும்போது வித்தியாசம் இன்னும் அதிகம்: தெளிவான கண்ணாடி வெயில் சூட்டில் அஞ்சில் நாலு பங்கை அப்படியே உள்ளே விட்டுவிடும், மரக்கதவு விடாது. ஆக பலகையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சந்துதான் வில்லன். பெரிய கண்ணாடி போட்ட யு.பி.வி.சி.யை மேற்குச் சுவரில் மாட்டினால் தூசி நிற்கும், மூணு மணிக்கு மேல் அறை வேகும்.

எங்கெங்கே சந்து என்று பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். ராத்திரி அறைக்குள் விளக்கைப் போட்டு, கதவுகளைச் சாத்திவிட்டுத் தெருவில் போய் நின்றோம். கோடு கோடாக வெளிச்சம். அதைச் சாக்பீஸால் நிலையில் குறித்துக்கொண்டோம். பகலில் காற்றடிக்கும்போது ஊதுபத்தியைக் குறித்த இடத்தில் காட்டினால் புகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். அப்புறம் தினத்தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துச் சாத்தி, இழுக்க வேண்டும். இழுத்தால் கிழிகிற இடம் இறுக்கமான இடம். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே வேலை இருக்கிறது. மூன்றையும் செய்தபோது எங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம்: காற்றில் நல்ல பங்கு கதவுச் சந்து வழியாக வரவில்லை. நிலைக்கும் சுவருக்கும் நடுவே பூச்சு விட்டுப்போன இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. ரப்பர் பட்டை வாங்கக் கடைக்கு ஓடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

அந்த இடுக்கில் சிமெண்டை அடைக்கக் கூடாது என்பதில் ஆசாரியும் கொத்தனாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அபூர்வம்தான். மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சிமெண்டு அசையாது, ஒரு வருஷத்தில் மயிரிழை விரிசல் விடும், அதில் இறங்குகிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தோடு தங்கி நிலையை உளுத்துவிடும். கரையானுக்கும் அதுதான் வாசல். நாங்கள் பழைய பொடிப் பூச்சைச் சுரண்டி, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலந்து அடைத்தோம். இடுக்கு ஆழமாக இருந்த இடத்தில் முதலில் சணல் கயிற்றைத் திணித்து, அதன்மேல் பூசினார் கொத்தனார். ஒரே தடவையில் அப்பாமல், ஒரு அடுக்கு இறுகின பிறகு அடுத்த அடுக்கு. சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது. வெயில் நேரடியாகப் படாமல் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டால் வெடிக்காது.

அடுத்தது கீல். கதவு தொங்கிப்போயிருந்தால் எந்த ரப்பரும் உதவாது. ஆசாரி எங்கள் கதவைத் திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினார். விரல் அகலம் ஆடியது. கீலில் தேய்மானம் ஒன்றுமில்லை, திருகாணி பிடித்திருந்த துளைதான் அகண்டுவிட்டது. அவர் செய்தது சின்ன வேலை. ஆணியைக் கழற்றி, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, தேக்குச் சிலாம்பைச் சீவி முளையாக்கி, பசை தடவி அடித்து இறக்கி, மறுநாள் அதில் புதுத் திருகாணி போட்டார். கதவு தன் இடத்துக்கு வந்தது. சில ஜன்னல்களில் அதோடு பாதிச் சந்து போய்விட்டது. கொண்டி விழுகிற வளையத்தையும் இரண்டு நூல் (ஒரு நூல் என்பது ஆசாரி கணக்கில் அரைக்கால் அங்குலம்) உள்பக்கம் தள்ளி அடித்தார்; கொண்டி போட்டால் இப்போது கதவு நிலையோடு இழுத்துப் பிடிக்கிறது. ஆடிக் காற்றின் கடகட சத்தம் நின்றது இந்த வளையத்தால்தான்.

ஒரு கதவு கீழே உரசியது. அதை இழைத்துவிடலாமே என்றேன். "இப்ப கார்த்திகை, டீச்சர். மரம் ஊதியிருக்கு. இப்ப இழைச்சா சித்திரையில நீங்களே கூப்பிட்டு, சந்து விட்டுருச்சேன்னு கேப்பிய" என்றார். உரசுகிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுப் போனார். பங்குனியில் அந்த உரசல் தானாகவே போய்விட்டது. சந்தை அளப்பது, ரப்பர் வாங்குவது, அதைப் பதிக்கக் காடி (மரத்தில் வெட்டுகிற நீளப் பள்ளம்) எடுப்பது எல்லாம் கோடையில் வைத்துக்கொள்ள வேண்டும். மரம் சுருங்கிச் சந்து அகலமாக இருக்கும் காலம் அதுதான். மழைக்காலத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு, அமுங்கக்கூடிய ரப்பராகப் போட்டால் ஐப்பசியில் கதவு இறுகிக்கொள்ளாது.

ரப்பரில் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது ஸ்பாஞ்சு டேப். மலிவு, ஒட்டுவது எளிது. எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு கோடை தாங்காது, பிசுபிசுத்துப் பொடியாகும். இ.பி.டி.எம். ரப்பரில் நடுவில் குழாய்போல் உள்ளீடற்ற பட்டை கிடைக்கும், வெயில் தாங்கும். அதை நிலையின் ஓரத்தில் ஒட்டுவதைவிட, ஒரு மெல்லிய காடி எடுத்து அதில் அமுக்கிப் பொருத்துவது நல்லது. பசை விட்டாலும் பட்டை விழாது, வெளியிலும் தெரியாது. நிலையில் உளி படக் கூடாது என்று நினைப்பவர்கள் கதவு மோதுகிற பக்கம் ரீப்பர் என்கிற மெல்லிய மரப்பட்டை ஒன்றை அடித்து அதில் பொருத்தலாம்.

சந்து ஓரிடத்தில் ஒரு நூல், ஓரிடத்தில் மூணு நூல் என்று கோணலாக இருக்கிற ஜன்னலுக்கு ரப்பர் சரிப்படாது. அங்கே சிலிக்கான்தான். நிலையில் கதவு மோதுகிற ஓரத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு வரி சிலிக்கானைப் பிழிந்தோம். கதவின் ஓரத்தில் அடுப்படியில் உணவு மூடுகிற மெல்லிய நெகிழித் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, கதவை மெதுவாகச் சாத்தி, கொண்டி போட்டு ஒரு ராத்திரி விட்டுவிட்டோம். காலையில் திறந்தால் நெகிழித் தாள் உரிந்து வந்துவிட்டது. கோணலுக்குத் தகுந்தபடி சிலிக்கான் தன்னைத்தானே வார்த்துக்கொண்டு நிலையில் நின்றது. பிதுங்கினதைப் பிளேடால் சீவினால் வேலை முடிந்தது. புளித்த வாடை அடிக்கிற சிலிக்கானை மட்டும் வாங்காதீர்கள். அந்த ஆவி பித்தளைக் கொண்டியையும் இரும்புக் கம்பியையும் அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு கதவு சேருகிற நடுக்கோட்டுக்கு, முதலில் சாத்துகிற கதவின் வெளி ஓரத்தில் ஒரு ரீப்பர் பட்டை. அடுத்த கதவு அதன்மேல் வந்து படியும். மேல் ஜோடிக்கும் கீழ் ஜோடிக்கும் நடுவில் உள்ள குறுக்குச் சட்டத்தை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். அங்கேயும் மேலும் கீழும் பட்டை வேண்டும்.

ஜன்னல் தலைக்கு மேலே கலர் கண்ணாடி வைத்த சின்ன வென்டிலேட்டர்கள். பச்சையும் ஊதாவும். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருந்த பழைய மக்கு (பட்டி) காய்ந்து உதிர்ந்து, காற்றடித்தால் கண்ணாடி கிலுகிலுவென்று ஆடியது. இன்றைக்கு அந்த நிறத்தில், அந்த அலையோடு கண்ணாடி கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் கழற்றவே பயமாக இருந்தது. ஆசாரி சூடான காற்று அடிக்கிற கருவியைக் கண்ணாடியில் படாமல் காட்டி, பழைய மக்கைக் குழையவைத்துச் சுரண்டினார். புது மக்கு வீட்டிலேயே பிசைந்ததுதான்: சாக் பவுடரும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும், சப்பாத்தி மாவு பதத்துக்கு. அதற்குமுன் மரத்தில் எண்ணெய் ஒரு கை தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த மரம் மக்கில் உள்ள எண்ணெயைக் குடித்துவிடும், மக்கு வெடிக்கும். மேல்தோல் இறுக சில வாரம் ஆகும். அதுவரை பெயிண்டை நினைக்கக் கூடாது. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். லின்சீட் எண்ணெய் காயும்போது சூடேறும். குவிந்து கிடக்கும் துணி தானே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பைக்கு.

பெயிண்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய பச்சைப் பெயிண்டை உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்புத் தேய்க்கிறார்கள். பழைய பெயிண்டுகளில் காரீயம் இருக்க நல்ல வாய்ப்புண்டு. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூசி பிள்ளைகளுக்கு விஷம். ஈரத்தோடு தேய்க்க வேண்டும், வாயையும் மூக்கையும் நல்ல முகக்கவசத்தால் மூட வேண்டும், கீழே சாக்கு விரித்து எல்லாவற்றையும் அள்ளி எடுக்க வேண்டும். வீசிங் உள்ள அத்தையையும் பேத்தியையும் அந்த நாட்களில் கல்லிடைக்குறிச்சியில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இத்தனையும் செய்த பிறகு மிச்சமிருந்தது வெளிச்சம். கதவைச் சாத்தினால் பகலில் அறை இருட்டு, திறந்தால் தூசி. ஏ.சி. அறையின் ரெண்டு ஜன்னலுக்கு மட்டும், கம்பிக்கு வெளிப்பக்கம் நிலையில் பதிகிற மாதிரி மெல்லிய தேக்குச் சட்டம் ஒன்று அடித்தோம். அதில் 4 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட். சட்டம் நாலு மூலையில் திருப்புகிற மரக்கட்டைகளால் நிற்கிறது, ஆணியில்லை. கையால் கழற்றலாம். அதே அளவில் கொசுவலைச் சட்டம் ஒன்றும் அடித்துவைத்திருக்கிறோம். ஆனி, ஆடியில் அக்ரிலிக். காற்று அடங்கின பிறகு வலை. அக்ரிலிக் வெயிலுக்கு நன்றாகவே நீளும் என்பதால் சட்டத்துக்குள் சுற்றிலும் ஒரு நூல் இடம் விட்டிருக்கிறது. இறுக்கிப் போட்டால் வளைந்து வயிறு தள்ளும்.

இந்த யோசனை வந்தது எடின்பரோவில் இருக்கிற நாத்தனார் மகனிடமிருந்து. அங்கே பழைய வீடுகளின் ஜன்னலை நினைத்தபடி மாற்ற அனுமதி கிடைக்காதாம். அதனால் உள்பக்கம் இன்னொரு கண்ணாடி வைத்துக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2008-ல் பழைய மர ஜன்னலை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்ததில், உள்ளே உள்ள மரக்கதவைச் சாத்தினாலே கண்ணாடி வழியாகப் போகிற சூடு ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாம். உள்கண்ணாடி வைத்தால் இன்னும் குறையும். ஆனால் அவர்கள் முறையை அப்படியே எடுத்துவரக் கூடாது. அங்கே குளிர் வெளியே, ஈரமான சூடு உள்ளே. அதனால் உள்பக்கக் கண்ணாடியை இறுக்கமாக அடைத்து, வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் தளர விடுவார்கள். ஏ.சி. போட்ட நம் அறையில் ஈரமான சூடு வெளியே. இறுக்கம் வெளிச்சட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்காற்று நடுவில் புகுந்து, குளிர்ந்த உள்கதவில் வியர்த்து மரத்தை நனைக்கும்.

எல்லா ஜன்னலையும் இப்படி அடைக்கவில்லை. அடைக்கவும் கூடாது என்பது என் கட்சி. சுண்ணாம்பு வீட்டுக்குக் காற்றோட்டம் வேண்டும். கிழக்கு ஜன்னல்களில் கீல் வேலையும் சுவர் இடுக்கும் மட்டும்தான். அடுப்படி ஜன்னலைத் தொடவே இல்லை. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். கீழ் வழியெல்லாம் அடைத்துவிட்டு அப்புறம் யாரைக் குறை சொல்வது? ஏ.சி. அறையிலும் ஒரு வென்டிலேட்டர் கயிறு இழுத்தால் திறக்கும்படியே இருக்கிறது. ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கிற காற்றையே சுற்றுகிறது, புதுக்காற்று தராது. காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் எல்லாவற்றையும் திறந்துவிடுவது அத்தையின் பொறுப்பு.

மேற்கு வெயிலுக்கு ஜன்னலில் என்ன செய்தாலும், வெயில் ஜன்னலைத் தொடுவதற்கு முன்னால் தடுப்பதற்கு ஈடாகாது. வெளியே கோரைப்பாய் சுருட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பத்தமடை நயம்பாய் இல்லை, சந்தையில் கிடைக்கிற சாதாரணப் பாய். மூணு மணிக்கு இறக்கினால் ஆறு மணிக்கு ஏற்றுவது. கீழ்க்காற்று மழைக்கு, கிழக்கு ஜன்னல்களின் கீழ்ச் சட்டத்தில் சரிவான ஒரு பட்டையும், அதன் அடியில் தண்ணீர் உள்நோக்கி ஓடாமல் சொட்டிவிட ஒரு சின்னக் காடியும். இன்னொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மச்சில் படுப்பவர்களுக்கு ஜன்னலைவிட மட்டப்பாதான் எதிரி. அங்கே ஜன்னலில் பணம் போடுவதற்கு முன் மேலே வெள்ளையடியுங்கள்.

மொத்தச் செலவு, யு.பி.வி.சி.காரர் எழுதிக் கொடுத்த தொகையில் கால்வாசிகூட வரவில்லை. அதிலும் பெரும்பகுதி ஆசாரி கூலிதான், அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. இந்த ஆடியில் ஏ.சி. நின்று நின்று ஓடியது. ஜன்னல் கட்டையில் தூசி இல்லாமலில்லை; தினம் துடைத்தது வாரம் ஒருமுறை ஆனது. செம்மண் இப்போது வருவது வாசல் கதவின் அடியில்தான். அதற்கு என்ன செய்யலாம் என்று ஆசாரியிடம் கேட்டிருக்கிறோம். தை பிறந்த பிறகு வருகிறேன் என்றிருக்கிறார். வரும்போது கீல்களுக்கு எண்ணெயும், ரப்பர் பட்டைகளுக்கு முகப் பவுடரும் போட வேண்டும். பவுடர் போடாவிட்டால் கோடையில் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டு கதவைத் திறக்கும்போது பிய்ந்து வருகிறது.